துடைத்து வைத்த துப்பாக்கி

சீருடை இயக்க முகாம் ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, இராணுவத்திலும் போலீஸ் உண்டாமே, அவர்கள் யாரைப் பிடிப்பார்கள்?" என்று கேட்டான். தவறு செய்யும் படைவீரர்களைப் பிடிப்பார்கள் என்று அப்போதைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதி விடைதான். போர்க்களத்தில் சாலைகளைக் காப்பதும், கைதிகளைக் காவலில் வைப்பதும், பொருள் ஏற்றிச் செல்லும் வாகனத் தொடர்களுக்குத் துணை செல்வதும் இராணுவக் காவற்படையின் கடமைகளே. மீதிப் பாதியை, ஈராக்கில் நடந்த இரு நிகழ்வுகளைக் கொண்டு இங்கு எழுதுகிறேன்.

முதல் நிகழ்வு இராணுவக் காவற்படையினரைப் பற்றியதன்று. ஆயினும் அதனை அறியாமல் இரண்டாவதன் அருமை விளங்காது. 2003 மார்ச் 23 அன்று, அமெரிக்க இராணுவத்தின் 507ஆவது பராமரிப்புக் குழு வழிதவறி நாசிரியா நகருக்குள் நுழைந்து தாக்குதலுக்கு உள்ளானது. 18 வாகனங்களில் சென்ற 33 பேரில் 11 பேர் மாண்டனர், சிலர் சிறைப்பட்டனர். பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அக்குழுவினரின் துப்பாக்கிகள் பல, தேவைப்பட்ட வேளையில் இயங்கவில்லை. சிறைப்பட்டவர்களுள் ஒருவரான 19 வயது ஜெசிகா லின்ச், இறுதித் தோட்டா வரை சுட்டுப் போராடினார் என நாளேடுகள் முதலில் எழுதின. தம் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, தாம் ஒருமுறைகூடச் சுடவில்லை என்று அவரே மறுத்தார். பாலைவனச் சூழலில் வீரர்கள் தத்தம் ஆயுதங்களைப் போதிய அளவு பராமரிக்காதது காரணமாக இருக்கலாம் என்பது இராணுவ அறிக்கையின் கூற்று. 'இருக்கலாம்' என்ற சொல்லை நாம் விட்டுவிடக் கூடாது. அவர்கள் ஏறக்குறைய மூன்று நாள் போதிய உறக்கமின்றி மணலில் வண்டியோட்டி வந்தவர்கள். அவர்களைச் சோம்பேறிகள் என எழுத என் மனம் ஒப்பவில்லை.

ஈராக்கின் புழுதி மாவைப் போன்று நுண்ணியது. துப்பாக்கியின் உட்பகுதியில் எண்ணெய் மிகுந்தால் புழுதி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். எண்ணெய் குறைந்தாலோ உலோகம் உராய்ந்து சிக்கும். ஆகவே நாள்தோறும் பிரித்துத் துடைத்து, அளவாக எண்ணெய் இடுதல் வேண்டும். ஹம்வீ வண்டிகளின் மேல் பொருத்தப்பட்ட .50 அங்குல இயந்திரத் துப்பாக்கிக்கு இதுவும் போதாது. அந்நாளில் பயன்பாட்டில் இருந்த வகையில், குழலைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் குழலுக்கும் பின்பூட்டுக்கும் உள்ள இடைவெளியை அளவி கொண்டு சரிபார்த்தாக வேண்டும். அது பிசகினால் துப்பாக்கி சுடாது. சில வேளைகளில் சுடுபவரையே காயப்படுத்தும். வண்டிக்கும் புறப்படுமுன், ஓடும்போது, திரும்பியபின் என மூன்று முறை சோதனை உண்டு. எண்ணெய்க் கசிவு, சக்கரம், வானொலி என ஒவ்வொன்றையும் பார்த்துக் குறிக்க வேண்டும். காண்பவர்க்குச் சலிப்பூட்டும் வேலைதான்.

இனி இரண்டாவது நிகழ்வு. 2005 மார்ச் 20, குருத்தோலை ஞாயிறு. பாக்தாத்துக்குத் தென்கிழக்கே சல்மான் பாக் அருகில் ஏறத்தாழ 30 கனவுந்துகள் கொண்ட தொடர் ஒன்றினை ஐம்பது பேர் அளவிலான கிளர்ச்சியாளர்கள் தாக்கினர். பின்னால் வந்துகொண்டிருந்தது 617ஆவது இராணுவக் காவற்படைக் குழுவின் ஒரு பிரிவு; மூன்று ஹம்வீக்கள், பத்துப் பேர். இவர்கள் கென்டக்கி மாநிலத் தேசியக் காவற்படையினர். அதாவது ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள். துணைத் தலைவி லீ ஆன் ஹெஸ்டர், 23 வயது, காலணிக் கடையொன்றின் மேலாளர்.

பிரிவின் தலைவர் திமோத்தி நைன், எந்த வண்டியின் கதவைத் திறந்தாலும் தோட்டாவும் மருந்துப் பையும் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று மூன்று வண்டிகளையும் ஒரே விதமாக அடுக்கச் செய்திருந்தார். ஒருவரின் ஆயுதத்தை மற்றவரும் இயக்கப் பழகியிருந்தனர். இரண்டு நாள் முன்பு அதே வட்டாரத்தில் நடந்த தாக்குதலில் நைன் இருந்தார். அங்குள்ள கால்வாய்களையும் கிளைச் சாலைகளையும் பற்றித் தம்மவரோடு பேசியும் வைத்திருந்தார்.

எனவே அன்று நீண்ட கட்டளைகள் தேவைப்படவில்லை. மூன்று வண்டிகளும் கனவுந்துகளுக்கும் பகைவர்க்கும் இடையே விரைந்து, வலப்புறக் கிளைச் சாலையில் திரும்பின. முதல் வண்டியை எறிகணை தாக்கியது. நினைவிழந்து விழுந்த சுடுநர் மீண்டும் எழுந்து சுட்டார். நைனும் ஹெஸ்டரும் கால்வாயில் இறங்கி முன்னேறினர். மூன்றாவது வண்டியினர் மூவர் காயமுற்று வீழ்ந்தபோது, மருத்துவ உதவியாளர் ஜேசன் மைக், இரு கைகளிலும் இரு ஆயுதங்களை ஏந்தி இருபுறமும் சுட்டு அவர்களைக் காத்தார். பத்துப் பேரில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. கிளர்ச்சியாளர்களில் 27 பேர் மாண்டனர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் மூவருக்கும் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதனைப் பெற்ற முதல் பெண் ஹெஸ்டரே. நைனின் பதக்கம் பின்னர் மேலும் உயர்த்தப்பட்டது.

கிளைச் சாலையில் நின்ற கிளர்ச்சியாளர்களின் மகிழுந்துகளில் கதவுகளும் பின்பெட்டிகளும் திறந்தே கிடந்தன. அவர்களிடம் கைவிலங்குகளும் இருந்தன. கனவுந்து ஓட்டுநர்களைப் பிணையாகக் கொண்டுபோக வந்திருந்தார்கள்.