படத்திற்கும் ஓர் இலக்கணம்

தொடருக்கு இலக்கணம் வகுத்தல் பழைய கலை. கோடுகளாலாகிய படத்திற்கும் இலக்கணம் வகுக்கலாமோ என்னும் வினா, மின்கணிப்பொறி தோன்றிய பின்னரே வலுப்பெற்றது.

1947 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலே, ஹேர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜோன் வொன் நொய்மனும் கணிப்பொறிக்குரிய கட்டளைத் தொகுதியாகிய நிரலை எழுதுமுன், அதன் ஓட்டத்தைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் வரைந்து காட்டினர். எச்செயலின்பின் எச்செயல், நிபந்தனை பொய்ப்பின் எவ்வழி, எங்கே திரும்பிச் சுழல்வது என்பன யாவும் அப்படத்திற் புலனாயின. ஆயினும், சிறு படத்திலிருந்து பெரும் படம் எவ்விதிகளால் வளர்கின்றது எனக் கூறும் இலக்கணம் அதற்கு இருக்கவில்லை.

எழுத்து வடிவிலமைந்த நிரலோ முந்திக்கொண்டது. நோம் சொம்ஸ்கி 1956 இல் மனித மொழிகளுக்குக் காட்டிய விதிகளை ஒத்தனவற்றை, ஜோன் பாக்கஸ் 1959 இல் நிரல்மொழிக்கு அமைத்தார். ஒரு குறியை எடுத்துவிட்டு அவ்விடத்திற் பல குறிகளை வைத்தலே அவ்விதிகளின் சாரம். வரிசையில் இதனால் இடரில்லை. இடத்திலும் வலத்திலும் நிற்பவை நின்றபடியே நிற்கும்.

படத்தில் நிலைமை வேறு. ஒரு முனையில் ஐந்து கோடுகள் வந்து கூடியிருக்கலாம். அம்முனையை நீக்கி, அங்கே சிறு வலையொன்றை வைத்தால், அறுந்த கோடுகளுள் எது எதனோடு இணைவது? பழைய வீட்டை இடித்துப் புதுமனை எழுப்புவோன், முன்பு வாசலுக்கு வந்த ஒழுங்கைகளை இனி எந்த வாசலிற் சேர்ப்பது எனத் திகைப்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். இத்துறையின் இடர்ப்பாடு பெரும்பாலும் இஃதொன்றே.

1969 இல் ஜோன் ஃபால்ட்ஸ், அஸ்ரியல் ரோசன்ஃபெல்ட் ஆகிய இருவரும் 'வலை இலக்கணம்' என ஒன்றை வெளியிட்டபோது, ஒவ்வொரு விதியோடும் இணைக்கும் முறையையும் சேர்த்தே கூறினர். 1971 இல் டெரன்ஸ் பிராட், நிரலின் எழுத்துக்குரிய விதியையும் படத்துக்குரிய விதியையும் இரட்டையாகப் பிணைத்து, ஒன்று விரிய மற்றதும் உடன் விரியச் செய்தார். எனினும், தெளிவான தீர்வு 1973 இல் ஏரிக், ஃபென்டர், ஷ்னைடர் என்னும் மூவராற் கிடைத்தது. நீக்கும் பகுதிக்கும் சேர்க்கும் பகுதிக்கும் பொதுவாயுள்ளதை முன்னரே குறித்து, அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு அவர்கள் ஒட்டினர். வேறெங்கேனும் ஒரு கோடு முனையின்றித் தொங்க நேருமாயின், அவ்விதி அவ்விடத்திற் செல்லாது. கடுமையான நிபந்தனைதான், ஆனாற் குழப்பத்துக்கு இடமில்லை.

இவையெல்லாம் ஏட்டுக் கணிதமோ என ஐயுறுவோர்க்கு 1976 இல் விடை வந்தது. ஃபாரோ, கென்னடி, சுக்கோனி ஆகியோர் நிரலின் ஓட்டப்படத்தையே இலக்கணத்தாற் பகுத்தனர். படம் இருமடங்காயின் பகுக்கும் உழைப்பும் ஏறக்குறைய இருமடங்கே என நிறுவினர். நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பி, ஓரிடத்திற் பெற்ற பெறுமானம் எவ்வெவ்விடங்களிற் பயன்படுகின்றது என்பதை இவ்வழியால் விரைந்து காண இயலும். மனம்போனவாறு எங்கெங்கோ பாயும் நிரல்களின் படங்கள் மாத்திரம் அவ்விலக்கணத்துக்குப் புறத்தே நின்றன.