டாக்டருக்கே மனசு சரியில்லைன்னா? உதவி கேட்க விடாமல் தடுக்கும் ஒரு கேள்வி!

ஊருக்கெல்லாம் மருந்து எழுதித் தரும் டாக்டர்கள், தங்களுக்கு மனநல சிகிச்சை தேவைப்படும்போது மட்டும் ஏன் தயங்குறாங்க? நேரமில்லை, வெட்கம் என்பதெல்லாம் பாதிக் காரணம்தான். அமெரிக்காவில் இன்னொரு காரணமும் இருக்கு. அது ஒரு விண்ணப்பப் படிவம்.

'லைசென்ஸ் போயிடுமோ?'

அங்கே டாக்டராக வேலை பார்க்க, மாநில மருத்துவ வாரியத்திடம் லைசென்ஸ் வாங்கணும். அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். 'மனநலப் பிரச்னைக்காக எப்போதாவது சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா?' என்று பல மாநிலங்களின் படிவங்கள் கேட்டு வந்தன. 'ஆம்' என்று எழுதினால் விசாரணை வருமோ என்ற பயம். அதற்குப் பதில் சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடுவோம் என்று நினைத்தவர்கள் உண்டு.

யார் இந்த லோர்னா பிரீன்?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உள்ள ஆலன் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் இயக்குநர். 2020 மார்ச்சில் கொரோனா தொற்றி, மீண்டு, திரும்பவும் வேலைக்குப் போனார். நோயாளிகள் வந்து குவிந்த நேரம் அது. சில நாட்களிலேயே மனமும் உடலும் ஓய்ந்துபோக, குடும்பத்தினர் வர்ஜீனியாவுக்கு அழைத்துச்சென்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிகிச்சை எடுத்தது வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் பிறகு சொன்னார்கள். ஏப்ரல் 26-ம் தேதி தற்கொலையால் உயிரிழந்தார். வயது 49.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்டிவிட முடியாது. ஆனால் ஒரு விஷயம் மனசை உறுத்துது. நியூயார்க் மாநிலப் படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது!

சட்டம் வந்தது, படிவம் மாறியதா?

2022 மார்ச் 18-ல் பிரீன் பெயரிலான சட்டத்தில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். மருத்துவப் பணியாளர்களின் மனநலத் திட்டங்களுக்கு நிதி தரும் சட்டம் இது. படிவத்தை மாற்றும் அதிகாரம் மட்டும் மாநிலங்களிடமே இருக்கு. 'முன்பு சிகிச்சை எடுத்தீர்களா' என்று கேட்காமல், இப்போது வேலையைப் பாதிக்கும் பிரச்னை உள்ளதா என்று மட்டும் கேட்கலாம் என மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018-லேயே பரிந்துரைத்தது. பிரீன் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளையும் இதற்காக வேலை செய்ய, பல மாநிலங்கள் கேள்வியை நீக்கியோ திருத்தியோ விட்டன. மருத்துவமனைகள் யோகா வகுப்பு வைப்பதைவிட இது உருப்படியான வேலை. மாற்றியதை டாக்டர்களிடம் எடுத்துச்சொல்வதும் அதே அளவு முக்கியம். இல்லாத கேள்விக்கும் ஒருவர் பயப்படலாம் என்பதைத்தான் நியூயார்க்கில் பார்த்தோமே.

நம்ம ஊரில்?

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை. சில விதிவிலக்குகள் உண்டு. நோயாளி டாக்டராகவோ நர்ஸாகவோ இருந்தாலும் இதே சட்டம்தான். தமிழக மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக 2022 டிசம்பரில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றமும் தொடங்கப்பட்டது.

(மன உளைச்சலா? தற்கொலை எண்ணம் வருகிறதா? தமிழிலேயே பேசலாம். டெலி மானஸ்: 14416, 24 மணி நேரமும் இலவசம். தமிழக அரசின் உதவி எண்: 104. சினேகா, சென்னை: 044-24640050)