திறந்தவெளி ஒதுக்கீடு

வெள்ளை, வெளிச்சம், வெளிப்படை எல்லாம் ‘வெளி’யின் உறவுச் சொற்கள், வேர் ‘வெள்’. ஒளி தடையின்றி விழும் இடமே வெளி. மந்தை மேய்ந்த இடம் மந்தைவெளி ஆனது; சென்னையில் இன்று அந்தப் பெயர்தான் மிச்சம்.

‘ஒதுக்கீடு’ சட்டம் சேர்த்த சொல். திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தைப் பத்திர எழுத்தர்கள் ஆங்கிலச் சுருக்கத்தில் (Open Space Reservation) ‘ஓ.எஸ்.ஆர். இடம்’ என்பார்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். பூங்காவும் விளையாட்டிடமும் அதில் வரும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். இந்தச் சலுகைதான் எனக்கு உறுத்துகிறது. கட்டிய பணத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் பந்து விளையாட முடியாது. ஒதுக்குதல் என்றால் எடுத்துவைத்தல். ஓரங்கட்டுதல் என்றும் பொருளுண்டு.