மெஹ்லி மேத்தா

மெஹ்லி மேத்தா (செப்டம்பர் 25, 1908 - அக்டோபர் 19, 2002) மேற்கத்திய செவ்வியல் இசையில் இயங்கிய இந்திய வயலின் கலைஞர், ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர். பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையும் அமெரிக்கன் யூத் சிம்பொனியையும் நிறுவினார். நடத்துநர் ஜுபின் மேத்தாவின் தந்தை என்றே இன்று பெரும்பாலும் அறியப்படுகிறார்.

பம்பாய்

மெஹ்லி மேத்தா பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். மனைவி தெமினா. மகன்கள் ஜுபின் (1936), ஜரின் (1938).

வயலினைக் கர்நாடக இசையின் பக்கவாத்தியமாக அறிந்த நமக்கு, மெஹ்லி எதிர்கொண்ட சிக்கல் எளிதில் புலப்படாது. கச்சேரிக்கு ஒரு வயலின் போதும். சிம்பொனிக்கு ஒரே வில்லசைவில் வாசிக்கும் பல வயலின்கள் தேவை. வியோலா, செல்லோ, குழல், கொம்பு வகைகள் வேண்டும். ஐம்பது அறுபது பேரும் இசைக்குறிப்பை வாசிக்கத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். பம்பாயில் அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் இசைக்கல்லூரி இல்லை. கிடைத்தவர்களில் முக்கியமானவர்கள் கோவா கலைஞர்கள். தேவாலயப் பள்ளிகளில் இசைக்குறிப்பு கற்று வந்த இவர்களுக்கு ஹோட்டல் ஜாஸ் குழுக்களும் சினிமா ஒலிப்பதிவுமே பிழைப்பு. இவர்களோடு பார்சி ஆர்வலர்களும் ராணுவ வாத்தியக்குழுவினரும் சேர்ந்தனர்.

1935-ல் பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா உருவானது. மெஹ்லி முதலில் அதன் முதன்மை வயலின் கலைஞராகவும் பின்னர் நடத்துநராகவும் இருந்தார். பம்பாய் நால்வர் தந்தியிசைக் குழுவையும் அமைத்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூயார்க் சென்று இவான் கலாமியனிடம் வயலின் பயின்று திரும்பினார். குழுவின் ஒத்திகைகளே ஜுபினுக்கு முதல் பள்ளி.

வெளியேற்றம்

ஜுபின் 1954-ல் வியன்னாவுக்குப் படிக்கச் சென்றார். மறுவருடமே மெஹ்லியும் பம்பாயை விட்டார். இருபது ஆண்டு உழைப்புக்குப் பின்னும் அக்குழு முழுநேர ஊதியம் தரும் நிறுவனமாக ஆகவில்லை. சொந்த ஊரில் குழுவை நடத்தியவர் மான்செஸ்டரின் ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவில் ஜான் பார்பிரோலியின் கீழ் துணை முதன்மை வயலின் கலைஞராகச் சேர்ந்தார். அப்போது வயது நாற்பத்தேழு. 1959-ல் அமெரிக்கா சென்று ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் நால்வர் குழுவில் ஐந்து ஆண்டுகள் வாசித்தார். பெயருக்கு இது இறக்கம்தான். ஆனால் முழுநேரத் தொழில்முறைக் குழு எப்படி இயங்குகிறது என்பதை அவர் உள்ளிருந்து கண்டது இந்த ஆண்டுகளில்தான்.

இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா

1964-ல் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினார். ஜுபின் அப்போது லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். மெஹ்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவ்வாண்டே அமெரிக்கன் யூத் சிம்பொனியை நிறுவினார். மாணவப் பருவத்தினரையும் இருபதுகளில் இருந்தவர்களையும் தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ராக்களுக்குத் தயார்செய்வது அதன் பணி. பம்பாயில் எது இல்லாமல் தவித்தாரோ அதையே இங்கே கட்டினார் என்று சொல்லலாம். 1998-ல், தொண்ணூறு வயதை நெருங்கும்போதுதான், பொறுப்பிலிருந்து விலகினார். குழு 2024 வரை இயங்கியது.

இளைய மகன் ஜரின் கணக்காளராகத் தொடங்கி இசை நிர்வாகத்துக்கு வந்தவர். 2000-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

மும்பையில் 2006-ல் தேசிய நிகழ்கலை மையம் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவும் கஜகஸ்தான் முதலிய நாடுகளின் கலைஞர்களை நம்பியே தொடங்கியது. மெஹ்லி மேத்தா இசை அறக்கட்டளை 1995 முதல் அந்நகரில் குழந்தைகளுக்கு மேற்கத்திய இசையைக் கற்பித்து வருகிறது.