கருவூலமும் காசநோயாளியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்தொடர் வண்டி குரோம்பேட்டையைக் கடந்து தாம்பரத்தை அடையுமுன் ஒரு நிலையத்தில் நிற்கும். அதன் பெயர் தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனையின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் நிலையம் அது. நாள்தோறும் அங்கே ஏறி இறங்குவோருள் அப்பெயரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வரலாற்றை நானும் தேடிப் படித்தேன் இல்லை, ஒரு மாணவர் என்னை அதற்கு ஆளாக்கும் வரையில்.

சில ஆண்டுகளுக்கு முன் பைத்துல்மாலின் வரவு செலவு பற்றிய பாடம் ஒன்றை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். தாம்பரம் பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்தார். அவருடைய தந்தையார் அப்போது அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து பெற்று வந்தார். “ஹஜ்ரத், மதுக்கடையில் வரும் பணத்தில்தான் அரசாங்கம் நடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் எங்கள் அத்தா வாங்குகிற மருந்து ஹலால்தானா?” என்று கேட்டார். அன்று சுருக்கமாக ஒரு விடை சொன்னேன். அது எனக்கே நிறைவளிக்கவில்லை. அக்கேள்வியை இந்த மண்ணின் வரலாற்றோடு சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் இல்லத்தின் பிறப்பு

1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்னும் மருத்துவர் தாம்பரத்தை அடுத்துப் பன்னிரண்டு படுக்கைகளுடன் காசநோய் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய இல்லம் ஒன்றை நடத்திப் பெயர் பெற்றவர் அவர். கணித மேதை இராமானுஜன் நோயுற்றிருந்தபோது அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அக்காலத்தில் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1940களில்தான். தூய காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய நான்குமே அன்றைய மருந்துகள். நகரின் நெரிசலும் புகையும் எட்டாத தாம்பரம் அதனாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆயின் அந்நான்கும் ஏழைக்குக் கிட்டாதவை. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவன் மாதக்கணக்கில் ஓய்ந்திருப்பது எங்ஙனம்? நோய் மிகுதியாகப் பரவியதோ அத்தகையோர் வாழ்ந்த காற்றோட்டமற்ற குடியிருப்புகளில்! நோய் ஓரிடத்திலும் நோய் தீர்க்கும் வசதி வேறோரிடத்திலும் இருந்தன. இவ்விரண்டையும் இணைக்கத் தனியொருவரின் ஈகை போதாது. 1937இல் சென்னை மாகாண அரசு அவ்வில்லத்தை ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு படுக்கைகள் காலப்போக்கில் எழுநூறுக்கு மேல் வளர்ந்தன.

1937 முதல் 1939 வரை

அதே 1937ஆம் ஆண்டு ஜூலையில் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பதவியேற்றது. மருத்துவராகிய டி.எஸ்.எஸ். ராஜன் அதில் பொதுச் சுகாதார அமைச்சர். யாகூப் ஹஸன் சேட் பொதுப்பணி அமைச்சர். கட்டாய இந்தியைப் புகுத்தி மக்களின் பெருஞ்சினத்துக்கு ஆளான ஆட்சி அது. எனினும் நம் மாணவரின் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஆட்சியும் அதுவே.

மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அக்காலத்தில் கள், சாராயத்தின் மீதான அப்காரித் தீர்வையிலிருந்து வந்தது. அதனை இழந்தால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எப்படி நடக்கும் என்ற வாதம் வலுவாக எழுந்தது. அரசு பின்வாங்கவில்லை. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது.

இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவிலேயே அனைத்துப் பொருள்களுக்குமான முதல் விற்பனை வரி அது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆண்டு விற்பனை பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த சிறு வணிகர்களுக்கு விலக்கு இருந்தது. ஜகாத்தின் நிஸாபை அறிந்த நமக்கு இவ்வேற்பாட்டின் நியாயம் எளிதில் விளங்கும். எனினும் கடைக்காரர் செலுத்தும் வரி இறுதியில் வாங்குபவரின் தலையிலேயே விழும் என்ற எதிர்ப்பிலும் உண்மை உண்டு. செல்வரும் வறியவரும் ஒரு படி எண்ணெய்க்கு ஒரே வரியைத் தருகின்றனர். வறியவருக்கோ அது பெரும் பங்கு.

அதே 1939இல் மற்றொரு சட்டம் பிறந்தது. அதுவே சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். அதன்படி ஒவ்வொரு நகராட்சியும், அரசு மானியம் நீங்கலான தன் வருவாயில் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்குதல் வேண்டும். ஜில்லா போர்டுகளுக்கு அவ்வளவு நூற்றுக்குப் பன்னிரண்டரை. எஞ்சியதைச் சுகாதாரத்துக்குத் தருவது என்பதை மாற்றி, முதலில் இதை எடுத்து வைத்தபின் எஞ்சியதில் பிறவற்றை நடத்துக என்று சட்டமே வரிசை வகுத்தது.

முன்னோர் வகுத்த வரிசை

இவ்வரிசை பற்றிய சிந்தனை நம் நூல்களுக்குப் புதிதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டு ஜாபியாவுக்குச் செல்லும் வழியில் தொழுநோயுற்ற கிறித்தவர் சிலரைக் கண்டு, அவர்களுக்குப் பொதுநிதியிலிருந்து வழங்கவும் உணவு தொடர்ந்து கிடைக்கவும் ஆணையிட்டதை வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிவு செய்துள்ளார். நோயாளி என்பதே அங்கு உரிமைக்கு அடிப்படையாயிற்று, சமயம் குறுக்கிடவில்லை. கி.பி. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனைக்கும் நிலையான வக்ஃபு வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது.

வரி விதிப்பதிலும் வரிசை உண்டு. தாத்தாரியர் படையெடுப்பு நெருங்கியபோது மக்கள் மீது புதுவரி விதிக்க எகிப்தின் ஆட்சியாளர் கருதினர். அப்போது இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தந்த தீர்ப்பு புகழ் பெற்றது. கருவூலம் வெறுமையாக வேண்டும். படைத்தலைவர்கள் தம் பொன் அணிகளை விற்றுப் பொதுமக்களோடு சமநிலைக்கு வர வேண்டும். அதன் பின்னரே மக்களிடம் கை நீட்டலாம் என்பது அதன் சாரம். நாட்டின் காப்புக்கே இந்நிபந்தனை என்றால் பிற செலவுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இன்றைய கணக்கு

போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1948இல் மாகாணம் முழுவதும் அது மீண்டும் வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனத்தின் வழி அரசே மேற்கொண்டது. 2024-25இல் மதுவால் அரசுக்குக் கிட்டியது ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இதுவும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அவ்வாண்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கப்பட்டதோ ஏறத்தாழ 20,000 கோடி.

இங்கே வாசகர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். மதுவின் வருவாய்க்கு மாற்றாக வந்த விற்பனை வரி, மது திரும்பி வந்தபோது விடைபெற்றுச் செல்லவில்லை. மதிப்புக் கூட்டு வரியாகவும் 2017 முதல் ஜி.எஸ்.டி.யாகவும் உருமாறி நிலைத்துவிட்டது. ஏழையிடமிருந்து இன்று அவ்விரு வழிகளிலும் பணம் பெறப்படுகிறது. அங்ஙனமிருக்க, மதுவை விட்டால் மருத்துவம் நடவாது என்று வாதிடுவோர் 1939இன் வரலாற்றுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

பொதுப்பணம் செவ்வனே செலவிடப்படின் பயன் பெரிது என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்றுண்டு. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் சானடோரியத்தில் தங்குவோருக்கு நிகராகக் குணமடைவதை 1959இல் மெய்ப்பித்தது. உலகெங்கும் ஏழை நோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமல் நலம்பெற அது வழிகாட்டியது. 2004 ஏப்ரல் முதல் நாள் எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துகளை நாட்டில் இலவசமாக வழங்கத் தொடங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. சுற்றமே ஒதுக்கிய பலருக்கு அதன் கதவு திறந்திருந்தது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஆட்சியாளரின் கலப்புச் செல்வம் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். பொதுநிதியில் உரிமையுள்ளவர் தம் உரிமையைப் பெறலாம் என்பது அவ்வாராய்ச்சியில் தெளிவு. உன் தந்தையார் பெறும் மருந்து அவருடைய உரிமை. அவர் வாங்கிய சோப்புக்குத் தந்த வரி அக்கருவூலத்தில் உள்ளது. ஆகவே அவர் தயங்க வேண்டியதில்லை. தயங்க வேண்டியவர்கள் பணம் வரும் வழியையும் அது போகும் வரிசையையும் வகுப்பவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கணக்குக் கேளாமல் இருக்கும் நாமும்தான்.

அந்த மாணவர் இப்போது ஓர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவருடைய தந்தையார் நலமடைந்துவிட்டார். வல்ல இறைவன் யாவற்றையும் நன்கறிந்தவன்.