வானத்தில் விழுந்த ஓட்டை

ஓசோன் படலத்தில் நிஜமாக ஓட்டை எதுவும் விழவில்லை. அண்டார்டிகாவுக்கு மேலே ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் ஓசோன் வெகுவாக மெலிகிறது, அங்கே கோடை பிறக்கும்போது மறுபடி கூடுகிறது. அங்குள்ள ஹாலி பே ஆய்வு நிலையத்தில் ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி காட்டியதும் எண்களைத்தான். அக்டோபர் மாதச் சராசரி ஏறக்குறைய 300 டாப்சன் அலகிலிருந்து 1984க்குள் 200ஐ ஒட்டி இறங்கியிருந்தது. ஆய்வாளர் ஜோசப் ஃபார்மனும் அவருடைய இரு சகாக்களும் 1985 மே மாதம் இதை வெளியிட்டபோது கட்டுரைத் தலைப்பில் ‘ஓட்டை’ இல்லை. பிறகு நாசாவின் செயற்கைக்கோள் அளவுகள் வண்ணப் படமாயின. தென்துருவத்தின் மேல் வட்டமாக ஒரு திட்டு தெரிந்தது. பத்திரிகைகள் அதை ஓட்டை என்றன, உலகமும் அப்படியே பார்த்தது.

ஆபத்து அதற்கு முன்பே தெரிந்ததுதான். குளோரோஃப்ளூரோகார்பன் ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974லேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் 1985 மார்ச்சில் கையெழுத்தான வியன்னா உடன்படிக்கை எந்த நாட்டையும் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டரை ஆண்டில், 1987 செப்டம்பர் 16 அன்று, மாண்ட்ரியலில் அதன் உற்பத்தியைப் பாதியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. 1990இல் லண்டனில் அது முழு நிறுத்தமானது. இந்த வேகத்துக்கு ‘ஓட்டை’ என்ற உருவகமும் உதவியது. கூரை ஒழுகினால் அடைக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டைக்கு ஓர் இடம் உண்டு, போட்டவர் உண்டு. புவி வெப்பமாதலுக்கு வாய்த்த உருவகமோ பசுமைக்குடில். குளிர்நாட்டாருக்கு அது செடி தழைக்கும் கதகதப்பான கண்ணாடி வீடு. கரியமில வாயு பூமியை எவ்வளவு சூடாக்கும் என்று 1896இல் கணக்கிட்ட விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸே, சூடான பூமியில் விளைச்சல் பெருகும் என்று பின்னாளில் நம்பிக்கையோடு எழுதினார்.

உருவகத்துக்கு இவ்வளவு பெருமை தரலாமா என்று கேட்கலாம். குளோரோஃப்ளூரோகார்பன் தயாரித்தவை சில நிறுவனங்களே, மாற்றுப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் அதை 1978லேயே தடுத்தும்விட்டது. அண்டார்டிகாவில் நடப்பதற்குக் காரணம் அப்போது நிரூபணமாகாததால், மாண்ட்ரியல் பேச்சுவார்த்தையில் ஓட்டையை ஆதாரமாக வைக்கவும் இல்லை. இவையெல்லாம் உண்மை. எனினும், 1978க்குப் பின் தணிந்துபோயிருந்த அக்கறையைப் பேச்சு மேசைக்கு வெளியே மறுபடி மூட்டியது எது? ரசாயனச் சமன்பாடு படிக்காதவர்களும் நாசாவின் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். எளிதாகத் தீரக்கூடிய சிக்கலைக்கூட யாராவது அவசரம் என்று உணர்ந்தால்தான் தீர்ப்பார்கள். அந்த அவசரத்தைத் தந்ததில் ஓட்டைக்குப் பெரும்பங்கு உண்டு என்பேன்.

அந்த உருவகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஓட்டை வழியாக வெயில் இறங்கித்தான் பூமி சூடாகிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அடைப்பது ஒன்றே குறியானபோது, ஓசோனைத் தொடாத ஹைட்ரோஃப்ளூரோகார்பன் நல்ல மாற்றாகத் தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஏசிகளிலும் அது நிறைந்தது. கரியமில வாயுவைவிடப் பல நூறு, சில வகைகளில் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அந்த வாயுவைக் குறைக்க, 2016இல் கிகாலியில் நாடுகள் மறுபடி கூடி, அதே மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டியிருந்தது.