சர்வேயர் வேலையா, ஜிஐஎஸ் படிப்பா? விழுப்புரம், திண்டிவனம் மாணவர்கள் சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வரப்புத் தகராறு, பட்டாவில் அளவு குறைவு, பாகப்பிரிவினைக்கு உட்பிரிவு. இப்படி எந்த நிலப் பிரச்சினை என்றாலும் கடைசியில் கேட்கும் பதில் ஒன்றுதான்: "சர்வேயர் வந்து அளக்கட்டும்." அந்த சர்வேயர் ஆக என்ன படிக்கணும்? ஜிஐஎஸ் படிச்சா அந்த வேலை கிடைக்குமா? பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எழும் கேள்வி இது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பாதைகள்தான். ஆனால் நுழைவு வாசல் வேறு வேறு.

என்ன வித்தியாசம்?

நில அளவை என்பது தரையில் இறங்கி அளப்பது. எல்லைக்கல் எங்கே, இரண்டு கல்லுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று கண்டுபிடித்து வரைபடம் ஆக்குவது. நம் ஊரில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்எம்பி எனப்படும் புலப்படம் இருக்கிறது.

ஜிஐஎஸ் என்றால் புவியியல் தகவல் அமைப்பு. சாலை, ஏரி, வீடு, மண் வகை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடுக்கடுக்காக வைத்து ஆராய்வது.

உதாரணம் வேண்டுமா? 2024 ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணை வெள்ளத்தால் அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்தே நின்றது. அடுத்த முறை தண்ணீர் எந்தத் தெருவுக்குள் வரும், மக்களை எந்த வழியாக வெளியேற்றலாம் என்று முன்கூட்டியே கணிக்க உதவுவது ஜிஐஎஸ்.

போன் மேப் இருக்கே, அது போதாதா?

போதாது. செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டலாம். 30 மீட்டர் நீள வரப்பில் 3 மீட்டர் தள்ளினால் 90 சதுர மீட்டர், அதாவது இரண்டு சென்ட்டுக்கு மேல் கணக்கு மாறிவிடும். அதனால்தான் டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் போன்ற கருவிகள். பழைய புலப்படத்தையும் படிக்கத் தெரிந்து, இந்தக் கருவிகளையும் கையாளத் தெரிந்தவர்தான் களத்தில் உண்மையில் தேவைப்படுகிறார்.

எங்கே படிக்கலாம்?

● பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ்: அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. நான்கு ஆண்டு படிப்பு, பொறியியல் கலந்தாய்வு மூலம் சேர்க்கை. இந்தக் கல்லூரியே 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான்.

● பி.இ. சிவில்: இதில் நில அளவை ஒரு முக்கியப் பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ளன. எதில் சிவில் இடம் இருக்கிறது என்பதை அந்த ஆண்டு கலந்தாய்வுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

● கலை, அறிவியல் வழி: புவியியல் அல்லது புவியமைப்பியல் பட்டம் படித்துவிட்டு, முதுநிலையில் ஜிஐஎஸ் பக்கம் போகலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறை தனியாகவே இருக்கிறது.

அரசு சர்வேயர் ஆகணும்னா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி 2022-ல் அறிவிப்பு வெளியிட்டது. அதில் கேட்கப்பட்ட அடிப்படைத் தகுதி சிவில் டிப்ளமா அல்லது ஐடிஐ-யில் சர்வேயர், சிவில் வரைவாளர் பிரிவு. ஜிஐஎஸ் டிகிரி இருந்தாலே இந்தப் பணிக்குத் தகுதி என்று நினைத்துவிட வேண்டாம். குறிக்கோள் தாலுகா ஆபீஸ் சர்வேயர் வேலைதான் என்றால், டிப்ளமா அல்லது ஐடிஐ வழியை முதலில் விசாரியுங்கள். செலவும் குறைவு, காலமும் குறைவு.

அப்போ ஜிஐஎஸ் படிச்சவங்களுக்கு வேலை?

சாலை, ரயில், மின்பாதை, குடிநீர்த் திட்டம், காப்பீடு, விவசாயம், பேரிடர் மேலாண்மை என்று களம் பெரிது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியதால், இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவு தயாரிக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் இங்கே சான்றிதழைவிடக் கைவேலைக்குத்தான் மதிப்பு. கொஞ்சம் கோடிங் தெரிந்தால் கூடுதல் பலம்.

சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம் சான்றிதழ் தருகிறது?
2. டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் கருவிகள் கல்லூரியில் இருக்கிறதா? மாணவர் கையில் தருவார்களா?
3. சர்வே கேம்ப் எத்தனை நாள், எங்கே?
4. 'அரசு வேலை நிச்சயம்' என்கிறார்களா? அப்படிச் சொன்னால் உஷார்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை

க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் புவன் இணையதளமும் இலவசம். உங்கள் ஊர் ஏரியை அதில் வரைந்து பாருங்கள். பிறகு வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணை வைத்து, தமிழக அரசின் இ-சேவை நில ஆவண இணையதளத்தில் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஏரியை வரைவதில் நேரம் போனதே தெரியவில்லை என்றால் ஜிஐஎஸ். புலப்படத்தை எடுத்துக்கொண்டு கல்லைத் தேடி வயலுக்குப் போகத் தோன்றினால் நில அளவை. உங்களுக்கான வாசல் எது என்று ஓரளவு தெரிந்துவிடும்.